பால் பாக்கெட்டில் கை வைக்காதீர்கள்!

2016 ஏப்ரல் 18, திங்கட்கிழமை. பெங்களூரு பொம்மனஹள்ளிப் பக்கம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையைப் போட்டுவிட்டு வந்து ஒசூர் சாலையை மறித்தார்கள். பெரிய தொழிற்சங்கம் எதுவும் அவர்களைக் கூப்பிடவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டிருந்தது. வேலையை விட்டு நின்றாலும், பி.எஃப். கணக்கில் முதலாளி கட்டிய பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். மறுநாள் போராட்டம் நகரின் மற்ற தொழிற்பேட்டைகளுக்கும் பரவியது. பஸ்கள் எரிந்தன, தடியடி நடந்தது, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அந்த நாள் முடிவதற்குள் மத்திய அரசு அறிவிக்கையைத் திரும்பப் பெற்றது.

சொற்பச் சம்பளம் வாங்கிய அந்தப் பெண்களுக்கு பி.எஃப். என்பது முதுமைக்கான பணம் இல்லை. தையல் லைனை மூடிவிட்டு, ‘நாளையிலிருந்து வராதே’ என்று சொல்லும் மாதத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டுவதற்கான பணம். இந்த நாட்டில் தனியார் வேலை போனால் அரசு தாங்கிப்பிடிக்காது, சேர்த்து வைத்ததுதான் சோறு போடும் என்பதை அவர்கள் அனுபவித்து அறிந்திருந்தார்கள்.

இன்று அதே பாடத்தை, அதே நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்களில் இருப்பவர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். 2022 அக்டோபரில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பைஜூஸ், 2,500 பேரைக் குறைக்கப் போவதாகச் சொன்னது; 2024 ஜூலையில் அந்த நிறுவனமே திவால் நடைமுறைக்குள் போனது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதத்தை, அதாவது 12,000 பேருக்கும் மேல், குறைப்பதாக அறிவித்தது. அதில் பெரும்பங்கு நடுத்தர, மூத்த நிலை ஊழியர்கள். வயது நாற்பதைத் தாண்டியவர்கள், இரண்டு பிள்ளைகள் பள்ளியில், வீட்டுக் கடனோ கார் கடனோ பாதியில், ஊரில் வயதான பெற்றோர். ‘நமக்கெல்லாம் வராது’ என்று இருந்தவர்கள் வீட்டு வாசலில் வேலையிழப்பு வந்து நிற்கிறது.

வேலை போன வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. முதல் வாரமே பால் இரண்டு பாக்கெட்டிலிருந்து ஒன்றாகிறது. பழம் நிற்கிறது. பிள்ளையின் கராத்தே வகுப்பு நிற்கிறது. வீட்டு வேலைக்கு வருபவரை ‘இனிமே வர வேண்டாம்மா’ என்று சொல்லியாகிறது. ஆனால் 38,000 ரூபாய் வாடகை வீடு அப்படியே இருக்கிறது, கார் அடித்தளத்தில் அப்படியே நிற்கிறது. வெளியே தெரியாத செலவுகளை முதலில் வெட்டுகிறோம். நாலு பேருக்குத் தெரிகிற செலவுகளில் கடைசியாகத்தான் கை வைக்கிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் வீட்டில் சொல்லுங்கள்

ஹெச்.ஆர். அறையிலிருந்து வெளியே வந்த பிறகும், தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, மாலை வரை எங்காவது இருந்துவிட்டு வீடு திரும்பும் ஆண்கள் உண்டு. ‘அடுத்த வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம்’ என்ற நினைப்பு. மாதக் கடைசியில் சம்பளம் ஏறிய எஸ்.எம்.எஸ். வராதபோது அது உடைந்துவிடுகிறது. கூட்டுக் கணக்கென்றால் மனைவியின் போனுக்கும் அந்த எஸ்.எம்.எஸ். வந்திருக்க வேண்டுமே.

மறைத்த ஒவ்வொரு மாதமும் பழைய செலவு அப்படியே ஓடிய மாதம். நெஞ்சில் பாரம் ஏறுவது இருக்கட்டும், கணக்குப்படி பார்த்தாலே அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு இல்லை. வேலை போன அன்று இரவே மனைவியிடம், கணவனிடம் சொல்லுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ‘அப்பாவுக்கு வேலை மாறப்போகுது, கொஞ்ச நாள் செலவைக் குறைச்சுக்கணும், பள்ளிக்கூடம் நிக்காது’ என்று நேராகச் சொன்னால் பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள். ஊரில் அப்பா அம்மாவிடமும் சொல்லத்தான் வேண்டும். மாதாமாதம் அனுப்பும் பணம் திடீரென்று குறைந்தால் அவர்கள் வேறு ஏதேதோ நினைத்துப் பயப்படுவார்கள்.

ஒரு வீட்டின் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகாதேவபுரா பக்கம் ஒரு அபார்ட்மென்ட், கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையை அச்சடித்து, சாப்பாட்டு மேசையில் விரித்து, பென்சிலால் வகை பிரித்தால் ஏறக்குறைய இப்படி வரும். வாடகையும் மெயின்டனன்ஸும் 42,000. கார் தவணை 14,000. பள்ளிக் கட்டணமும் வேனும், மாதத்துக்குப் பிரித்தால், 22,000. மளிகை, காய்கறி, கேஸ் 20,000. பால் 2,800. வெளியிலிருந்து வரவழைக்கும் சாப்பாடும் பத்து நிமிட டெலிவரியும் 11,000. வீட்டு வேலை செய்பவருக்கு 5,000. பெட்ரோல், டாக்ஸி 7,000. கரன்ட், இன்டர்நெட், மொபைல், ஓ.டி.டி. 4,000. ஊருக்கு 10,000. கூட்டினால் 1,37,800 ரூபாய்.

இந்தப் பட்டியலில் பாலை அடியோடு நிறுத்தினாலும் மிச்சமாவது 2 சதவீதம். வாடகை, கார், பள்ளி மூன்றும் சேர்ந்து பாதிக்கும் மேல். கையில் 6 லட்சம் இருந்தால், இதே செலவில் நாலே கால் மாதத்தில் தீர்ந்துவிடும்.

இதே குடும்பம் மெயின்டனன்ஸோடு 22,000 வாடகையில் ஒரு வீட்டுக்கு மாறி, காரை விற்று அதன் கடனை அடைத்து, வெளிச்சாப்பாட்டை 1,500-க்குள் நிறுத்தி, போக்குவரத்தை 3,000 ஆக்கி, ஓ.டி.டி. வகையறாவைப் பாதியாக்கினால், மாதச் செலவு 88,300. பால் அப்படியே, பழம் அப்படியே, ஊருக்கு அனுப்புவதும் அப்படியே. 6 லட்சம் ஏறக்குறைய ஏழு மாதம் தாங்கும். இரண்டரை மாதம் கூடுதல் என்பது வேலை தேடுபவருக்குச் சின்ன விஷயம் இல்லை. கிடைத்த முதல் வேலையைப் பாதிச் சம்பளத்துக்கு ஒப்புக்கொள்வதா, பொறுத்திருந்து தகுதிக்கேற்ற வேலைக்குப் போவதா என்பதை அந்த இரண்டரை மாதம்தான் தீர்மானிக்கிறது.

கார் விஷயத்தில் ஒரு வார்த்தை. கடன் பாக்கி இருக்கும் காரை விற்க வங்கியின் தடையில்லாச் சான்று வேண்டும், ஆர்.சி.யில் அடமானப் பதிவை நீக்க வேண்டும். இதற்கு நாளாகும். ஆகவே மூன்றாவது மாதத்தில் யோசிப்பதை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

அட்வான்ஸில் ஒளிந்திருக்கும் பணம்

பெங்களூரு வாடகைக்காரர்களுக்கு வாய்த்த ஒரு சேமிப்பு உண்டு. வீட்டு ஓனரிடம் கிடக்கும் அட்வான்ஸ். ஒரு காலத்தில் பத்து மாத வாடகை என்பது இந்த ஊர் வழக்கம். இப்போது பல இடங்களில் ஐந்தாறு மாதமாக இறங்கியிருக்கிறது. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்தபோது வயிற்றெரிச்சலோடு கொடுத்த அந்தப் பணம், இப்போது கைகொடுக்கும்.

38,000 வாடகைக்கு ஆறு மாத அட்வான்ஸ் என்றால் 2,28,000. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது வழக்கம், மீதி 1,90,000. புது வீட்டுக்கு 20,000 வாடகை, ஐந்து மாத அட்வான்ஸ் என்றால் ஒரு லட்சம். புரோக்கருக்கு ஒரு மாதம், சாமான் ஏற்றி இறக்க 15,000, ஆக 35,000. எல்லாம் போக 55,000 கையில் நிற்கும். அதற்கு மேல் மாதாமாதம் 20,000 மிச்சம். நோட்டீஸ் காலம் ஒரு மாதமா, இரண்டு மாதமா என்று ஒப்பந்தப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உடனே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு, இப்போது மாற முடியாது என்ற நிலையா? ஓனரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். ‘சார், வேலை போயிடுச்சு. மூணு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க. வேலை கிடைச்சதும் திரும்ப நிரப்பிடுறேன். வேணும்னா எழுதித் தர்றேன்’ என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஒழுங்காக வாடகை கொடுத்துவந்த குடும்பத்தை இழக்க எந்த ஓனரும் விரும்பமாட்டார். வீடு காலியாகிவிட்டால் அடுத்த ஆள் வரும்வரை அவருக்கும் வருமானம் இல்லையே.

ஒசூருக்கே போய்விடலாம் என்ற யோசனை தமிழ்க் குடும்பங்களில் எப்போதும் எழும். வாடகை குறைவு, நம் ஊர், நம் மொழி. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு – பொம்மசந்திரா மஞ்சள் தடத்தில் மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு, எல்லையிலிருந்து பஸ்ஸில் பொம்மசந்திரா வந்துவிட்டால் நகருக்குள் போவது முன்பைவிட எளிது. ஆனால் நேர்முகத் தேர்வுகள் எல்லாம் ஒயிட்ஃபீல்டிலும் ஹெப்பாலிலும் இருந்தால் அலைச்சல் கொல்லும். பிள்ளைகளின் பாடத்திட்டமும் மாநிலம் மாறினால் மாறலாம். கல்வியாண்டு முடிகிற நேரமென்றால் யோசிக்கலாம், நடுவில் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. செட்டில்மென்ட் பணம் மொத்தமாகக் கைக்கு வந்ததும், ‘பதினைந்து லட்சம் கொடுத்தா லீஸுக்கு வீடு, வாடகையே கிடையாது’ என்று ஒருவர் வருவார். கேட்க நன்றாக இருக்கும். வேலை இல்லாத நேரத்தில் கையிருப்பு முழுவதையும் மூன்று வருடத்துக்கு அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு உட்காரக் கூடாது. அந்த வீட்டின் பேரில் வங்கிக் கடன் இருந்து, ஓனர் தவணை கட்டாமல் போனால், வங்கி வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.

வர வேண்டிய பணம்

செலவைக் குறைப்பது ஒரு பக்கம். நமக்கு வர வேண்டியதை விடாமல் வாங்குவது இன்னொரு பக்கம். ‘ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுத்துடுங்க, ரெக்கார்டுக்கு நல்லது’ என்று சொன்னால், எத்தனை மாதச் சம்பளம், எந்தத் தேதிக்குள், விடுப்புக்கான பணம் எவ்வளவு என்பதெல்லாம் எழுத்தில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, வேலையிலிருந்து விலகியவருக்கோ விலக்கப்பட்டவருக்கோ சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு. ஓராண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கு.

பி.எஃப். பணத்துக்கு வருவோம். 2018 டிசம்பரிலிருந்து இருந்த விதிப்படி வேலை போய் ஒரு மாதம் ஆனதும் 75 சதவீதமும், இரண்டு மாதம் ஆனதும் மீதியும் எடுக்கலாம். 2025 அக்டோபர் 13-ல் இ.பி.எஃப்.ஓ. அறங்காவலர் குழு இதை மாற்ற முடிவெடுத்தது: 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதம் வேலையில்லாமல் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு போடுங்கள். நீங்கள் நின்ற தேதியைப் பழைய நிறுவனம் கணக்கில் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் வேலை நகராது. என் யோசனை, வங்கியில் இருப்பது கரையும் வரை பி.எஃப்.பைத் தொடாமல் இருப்பது. 2024-25க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்த பணம் அது. ஐந்து ஆண்டு சேவை முடியும் முன் எடுத்தால் வரியும் வரக்கூடும். ஆனால் கிரெடிட் கார்டு பாக்கியைச் சுமப்பதா, பி.எஃப். எடுப்பதா என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம். கார்டுக்காரர்கள் மாதத்துக்கே 3 முதல் 4 சதவீதம் போடுகிறார்கள். பி.எஃப்.பை எடுத்துக் கார்டை அடையுங்கள்.

பலருக்குத் தோன்றாத ஒன்று வருமான வரி. மாதம் ஒன்றரை லட்சம் வாங்கியவருக்கு, ஆண்டுக்கு 18 லட்சம் என்ற கணக்கில் ஏப்ரலிலிருந்தே வரி பிடித்திருப்பார்கள். செப்டம்பர் கடைசியில் வேலை போய், மார்ச் வரை வேறு வருமானம் இல்லையென்றால் அந்த ஆண்டு அவர் வருமானம் 9 லட்சம்தான். 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி கிடையாது. பிடித்த பணம் முழுவதும் திரும்ப வரும். ஏப்ரல் பிறந்ததும் கணக்குத் தாக்கல் செய்துவிட வேண்டும்.

மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருந்தவர்களுக்கு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்றொரு திட்டம் இருக்கிறது. 2018-ல் வந்து, பல முறை நீட்டிக்கப்பட்டது. வேலை போனவருக்குச் சராசரி தினச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை, ஆயுளில் ஒரு முறை, கொடுக்கும். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேளுங்கள். கர்நாடக அரசின் யுவநிதி உதவித்தொகை இந்த வகையில் வராது. அது படித்து முடித்து வேலை கிடைக்காத இளைஞர்களுக்கானது.

ஆனால் சக்தி திட்டத்தைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் சாதாரண அரசு பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காரில் போய்ப் பழகிய வீட்டுப் பெண்கள் பி.எம்.டி.சி. பஸ் ஏறலாமே. ஆதார் இன்னும் திருச்சி, மதுரை முகவரியிலேயே இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது, முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். மின்சாரத்துக்கு கிருஹஜோதி திட்டம். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு. முந்தைய சராசரிப் பயன்பாட்டுக்கு மேல் கொஞ்சம் வரை இலவசம். 200 யூனிட்டைத் தாண்டினால் முழுக் கட்டணம். 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வீடு மாறும்போது பழைய வீட்டு இணைப்பை விடுவித்து, புது வீட்டுக்கு மறக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

வெட்டக் கூடாதவை

மருத்துவக் காப்பீடு. நிறுவனம் எடுத்துக் கொடுத்த குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள விதி இடம் தருகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கான காத்திருப்புக் காலத்தில், குழுக் காப்பீட்டில் இருந்த ஆண்டுகள் கழிக்கப்படும். கடைசி நாளுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. மாதச் செலவில் இது புதிதாகச் சேரும் சுமைதான். ஆனாலும் இந்த நேரத்தில் ஓர் அப்பெண்டிசைட்டிஸ் வந்தால் மூன்று மாதக் கையிருப்பு ஒரே வாரத்தில் போய்விடும்.

சாப்பாடு. நிறுத்த வேண்டியது டெலிவரியை, சத்தை இல்லை. ஒரு கட்டு கொத்தமல்லிக்காகப் பத்து நிமிட டெலிவரியைத் திறந்து, குறைந்தபட்சத் தொகைக்காக நாலு பொருள் சேர்த்து, கையாளும் கட்டணமும் கொடுப்பதை விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை மடிவாளா சந்தைக்கோ கே.ஆர். மார்க்கெட்டுக்கோ காலையில் போங்கள். பக்கத்திலேயே வேண்டுமென்றால் ஹாப்காம்ஸ் கடை இருக்கிறது. நந்தினி பால் 2025 ஏப்ரலில் 4 ரூபாய் ஏறியது உண்மைதான். அதற்காகப் பிள்ளைகளின் டம்ளரைக் குறைக்க வேண்டாம்.

வீட்டுக் கடன் தவணை திணறினால், தவணை திரும்பிய பிறகு அல்ல, அதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். தொடர்ந்து 90 நாள் கட்டவில்லையென்றால் வாராக்கடன் பட்டியலுக்குள் தள்ளிவிடுவார்கள். கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா என்று அதற்கு முன் கேட்டால் பேச இடமிருக்கும். செல்போன் ஆப்பில் உடனடிக் கடன் தருகிறேன் என்பவர்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். ஒன்றிரண்டு சவரனை வங்கியில் அடகு வைப்பது எவ்வளவோ மேல்.

இனி, வீட்டு வேலைக்கு வருபவர். பெங்களூரில் பல வீடுகளில் அவர் நம் ஆள்தான்; தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து ஈஜிபுராவிலோ எல்.ஆர். நகரிலோ ஒற்றை அறையில் இருப்பவர். வீட்டில் ஏதோ சரியில்லை என்று நீங்கள் சொல்லும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். பாத்திரம் கழுவிக்கொண்டே, ‘அக்கா, அண்ணன் இப்பல்லாம் வீட்லயே இருக்காரே, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?’ என்று மெதுவாகக் கேட்பார். அவர் கவலை உங்களுக்காகவும்தான், தனக்காகவும்தான். அவருக்கு பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, நோட்டீஸ் காலம் இல்லை. நாம் வாங்கிய அடியை அப்படியே அடுத்த படியில் இருப்பவருக்குக் கைமாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இருவரும் வீட்டில் இருக்கும்போது வேலைக்கு ஆள் வேண்டாம் என்று முடிவெடுப்பது உங்கள் உரிமை, அதில் தவறில்லை. ஆனால் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள், அந்த மாதச் சம்பளத்தை முழுதாகக் கொடுங்கள், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் அவருக்காக இன்னொரு வீடு கேட்டுப் பாருங்கள். உங்கள் ஹெச்.ஆர். உங்களுக்குச் செய்திருக்க வேண்டியது இதைத்தானே.

வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆஃபர் கடிதம் வந்த அன்றே பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிட வேண்டாம். இருபதாம் தேதிக்குப் பிறகு சேர்ந்தால், பல நிறுவனங்களில் அந்த மாதச் சம்பளமும் அடுத்த மாதக் கடைசியில்தான் ஏறும். முதல் சம்பளத்தில் மச்சானிடமோ நண்பரிடமோ வாங்கிய கைமாற்றை அடையுங்கள், அடுத்ததில் அடகு வைத்த நகையை மீட்டெடுங்கள். அதன் பிறகு மாதாமாதம் மிஞ்சுவதை, இந்த 88,300 ரூபாய்ச் செலவுக்கு ஆறு மாதம் தாங்கும் தொகை சேரும்வரை தனிக் கணக்கில் போடுங்கள். 20,000 ரூபாய் வீடு பழகிவிட்டதென்றால் அங்கேயே இருந்துவிடுங்கள். பள்ளி வேன் அந்தத் தெருவுக்கும் வரும்.